மகாவலிக் கரையில் பிள்ளைகளோடு இரண்டு இரவு: எதைச் செய்யலாம், எதை விட வேண்டும்

நீங்கள் கேட்டது இதுதான்: ஓகஸ்ட் விடுமுறைக்கு அண்ணனின் குடும்பம் கனடாவிலிருந்து திருகோணமலைக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு 9 வயதும் 13 வயதும். அங்கே கோடை காலத்தில் ஆற்றங்கரைப் பாசறைக்குப் போய் நீந்தி, சிறு ஓடம் வலித்து, இரவில் நெருப்பு மூட்டிப் பழகியவர்கள். அதேபோல மூதூர்ப் பக்கமோ வெருகல் பக்கமோ மகாவலிக் கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாமா, பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இடத்தைவிட உங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, அந்த நாட்டு ஆற்றங்கரைப் பழக்கத்தில் எதை இந்தக் கரைக்குக் கொண்டுவரலாம், எதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

பாடசாலைச் சாரணர் பிள்ளைகளைப் பாசறைக்குக் கூட்டிப் போவது பல வருடம் என் பொறுப்பாக இருந்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் வைத்தியரோ வனஜீவராசிகள் அதிகாரியோ இல்லை, அவர்களைக் கேட்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தாராளமாகப் போய்த் தங்குங்கள், ஆனால் ஆற்றில் இறங்காதீர்கள். இறங்காமலே இரண்டு நாளும் போதாது என்று பிள்ளைகள் சொல்லும் அளவுக்குக் கரையில் வேலை இருக்கிறது.

முதலில் அந்த இறங்காமை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து, ஒரு கிளை கொட்டியாரக் குடாவிலும் இன்னொரு கிளை வெருகல் ஆறாகவும் கடலில் சேர்கிறது. இந்தக் கடைசிப் பகுதியில் இரண்டு வகை முதலையும் உண்டு. குளங்களிலும் ஆற்றிலும் சாதாரணமாகக் காணும் சேற்று முதலை ஒன்று. கழிமுகத்து உவர்நீரிலும் வாழக்கூடிய பெரிய முதலை மற்றது. ஊரவர்கள் குளிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்களுக்கு எந்தத் துறையில் எந்த நேரம் இறங்கலாம், அண்மையில் யார் எங்கே முதலையைக் கண்டார்கள் என்று தெரியும். அப்படியிருந்தும் விபத்து நடக்கிறது. தெற்கே மாத்தறையில் நில்வளா கங்கைக் கரையில் குளிக்கும் துறையைச் சுற்றிக் கட்டைகள் நட்டு வேலி அடைத்திருக்கிறார்கள் என்றால், பரம்பரையாக ஆற்றோடு வாழ்கிறவர்களுக்கே அந்தப் பயம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். முதலை பதுங்கியிருக்கும்போது கண்ணும் மூக்கு நுனியும் மட்டுமே தண்ணீருக்கு மேலே இருக்கும், கலங்கல் நீரில் அதுவும் தெரியாது. கரையிலிருந்து பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று சொல்ல யாராலும் முடியாது.

இரண்டாவது ஆபத்தைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. ஓகஸ்டில் ஆறு வற்றி, மணல் திட்டுகள் வெளியே தெரியும். பார்க்க முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் மணல் அள்ளிய இடங்களில் அடி தெரியாத குழிகள் கிடக்கின்றன. மூன்று எட்டு நடந்தால் நாலாவது எட்டில் ஆள் மூழ்கும் இடங்கள் உண்டு. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இது ஆபத்துதான். நீச்சல் குளத்திலும் ஏரியிலும் பழகியவர்களுக்கு, மணல் காலுக்கடியில் சரிந்துகொண்டே போவது புதிது. ஆகவே முகம் கழுவக்கூட விளிம்பில் குந்த விடாதீர்கள். மேட்டில் நின்று கயிறு கட்டிய வாளியால் அள்ளி எடுக்கலாம், அதையும் பெரியவர் ஒருவர், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். ஒரே துறைக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போவது கூடாது.

ஓடம் வலிப்பதையும் இந்த ஆற்றில் விட்டுவிடுங்கள். காற்றடைத்த சின்ன ஓடங்களைக் கொண்டுவந்து இறக்குவதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் கடல் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் பொதுவாக அமைதி. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு முழுக் காலை நீந்தட்டும். இரண்டு இரவு ஆறு, மூன்றாம் நாள் கடல் என்று வைத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது. பாசறை அழுக்கைக் கழுவ வழியில் கன்னியாய் வெந்நீர்க் கிணறுகளும் இருக்கின்றன. ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இல்லை என்பதைப் பிள்ளைகளே கைவைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

இடம் தேர்வதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. தெரியாத காட்டுக்குள் போய் அழகான வளைவைக் கண்டதும் கூடாரம் அடிக்கும் எண்ணம் வேண்டாம். கரையோரக் காடுகளில் சில பகுதி வன இலாகாவின் ஒதுக்குக்காடு, தெற்கே போனால் சோமாவதி தேசியப் பூங்கா. பூங்காவுக்குள் முன்கூட்டியே அனுமதி எடுத்து, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் தங்கலாம். ஒதுக்குக்காட்டில் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டுவதும் குற்றம். உங்கள் குடும்பத்துக்கு நல்லது, ஊரோடு ஒட்டிய ஒருவரின் தோட்டமோ வயல் காணியோ. காணிக்காரரின் சம்மதத்தோடு, கிராம சேவகருக்கும் பக்கத்துப் பொலிசுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்குங்கள். யுத்தம் நடந்த பூமி இது. மாடும் உழவு இயந்திரமும் போகிற தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம், துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொட வேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது தானாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கூடாரத்தை ஆற்று விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் அடியுங்கள். ஓகஸ்டில் வெள்ளப் பயம் குறைவு, மாரி மாதங்களில் இதே கரையில் தங்குவதை நினைக்கவே கூடாது. இப்போதைய கவலை யானை. யானைகள் அந்தியில் தண்ணீருக்கு இறங்கும் தடங்கள் கரையில் பளிச்சென்று தெரியும்: செடி கொடி மிதிபட்டு, மேடு சரிந்து, ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வழி விட்டிருக்கும். அந்தத் தடத்துக்கு நேரே கூடாரம் இருக்கக்கூடாது. வாழைப்பழம், அரிசி, உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் வாகனத்துக்குள் பூட்டுங்கள். வாகனத்தைக் கூடாரத்துக்குப் பக்கத்தில், வெளியேறும் பாதையைப் பார்த்து நிறுத்தி, சாவி யாரிடம் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் வருடத்துக்கு 100 பேருக்கு மேல் யானையால் இறக்கிறார்கள். ஆகவே பொழுது பட்டபின் யாரும் தனியே எழுந்து நடமாடக் கூடாது, மலசலத்துக்கும் இரண்டு பெரியவர் துணை. காணிக்காரர் 'இந்தக் கிழமை யானை நடமாட்டம் இருக்கு' என்று சொன்னால் அந்தக் கிழமை போகாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, இனிச் செய்யக்கூடியவை. எனக்கு மிகப் பிடித்ததும் பிள்ளைகள் மறக்காததும் தடம் பார்ப்பது. காலை ஆறரை மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது சேற்றில் பதிந்த தடம் ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பி நிற்கும், பத்து மணிக்குப் பிறகு அதே தடம் கண்ணுக்கே படாது. நீர் விளிம்பை விட்டு மேலே, முன்பு ஈரமாக இருந்து காய்ந்த சேற்றைத் தேடுங்கள். முதலை ஊர்ந்த இடத்தில் நடுவே வால் இழுத்த கோடும் இருபுறமும் விரல் பதிவும் இருக்கும், அதைக் கண்டால் அந்தப் பக்கம் அன்றைக்கு முடிந்தது என்று திரும்பிவிடுங்கள். உடும்பின் வால் கோடு மெல்லியதாக வளைந்து வளைந்து போகும், நகம் ஆழமாகக் குத்தியிருக்கும். பன்றியின் குளம்புக்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி விழும், மானுக்குச் சாதாரணத் தரையில் அது விழாது. மயிலின் மூன்று விரலை ஒன்பது வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

யானைத் தடத்துக்கு ஒரு நூல் கொண்டு போங்கள். முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் நீள்வட்டமாகவும் இருக்கும். முன்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி நூலை வைத்து அளந்து, அந்த அளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நூல் 4 அடி என்றால் யானை 8 அடி. கணக்கு வந்ததும் ஒரு தடியை அந்த உயரத்துக்குப் பிடித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். சேறு நெகிழ்ந்த இடத்தில் தடம் விரிந்து அளவு கூடிப் போகும், அதனால் சரியான உயரம் என்று சாதிக்க முடியாது. இன்னொன்று, விளிம்பு வெடித்துக் காய்ந்த பழைய தடத்தைத்தான் அளக்க வேண்டும். விளிம்பு ஈரமாக, கூராக இருந்தால் யானை இப்போதுதான் போயிருக்கிறது என்று பொருள், அங்கே நிற்க வேண்டாம்.

சின்னத் தடங்களை வார்த்தும் எடுக்கலாம். ஒரு கிலோ பிளாஸ்டர் ஒப் பாரிஸ் போதும். பால்மா டின்னின் அடியை வெட்டிய வளையத்தைத் தடத்தைச் சுற்றி அழுத்தி, இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, தடத்தின் மேல் நேரே கொட்டாமல் ஓரத்திலிருந்து வழிய விட வேண்டும். அரை மணி நேரம் அசைக்காமல் விட்டு எடுத்தால் கீரியின் பாதம் கையில் வரும். கனடாவுக்குள் மண் கொண்டுபோக அனுமதியில்லை என்பதால், வீட்டுக்கு வந்ததும் பழைய பல்துலக்கியால் சேற்றைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள்.

பறவை பார்க்க ஓகஸ்ட் உச்ச மாதம் இல்லை, வலசை வருபவை ஒக்டோபருக்குப் பிறகுதான் கூட்டமாக வரும். ஆனாலும் ஊரில் நிற்கிற பறவைகளே பிள்ளைகளுக்குப் போதும்: நீரில் மூழ்கி எழுந்து சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, அந்தரத்தில் நின்றபடி சிறகடித்து நேரே கீழே விழும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, நத்தை குத்தி நாரை, செம்பருந்து. எத்தனை வகை என்று எண்ணுவதைவிட, ஒரே பறவையைக் கால் மணி நேரம் பார்த்து அது என்ன செய்தது என்று எழுத வையுங்கள். மீன்கொத்தி எத்தனை தரம் பாய்ந்து எத்தனை தரம் மீனோடு எழுந்தது என்ற கணக்கே ஒரு நல்ல போட்டி. தூண்டில் போட ஆசைப்பட்டால் உயரமான மேட்டில் நின்று போடலாம். மீன் வெட்டுவதையும் குடல் கழுவுவதையும் நீர் ஓரத்தில் செய்யாமல் தள்ளி வைத்துக் குழியில் புதையுங்கள், அந்த மணம் முதலையைக் கூப்பிடும்.

பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை மருதமர நிழல்தான். கச்சான் காற்று அடிக்கும் நாளில் வியர்வை உடனே காய்ந்துபோவதால் உடம்பு வற்றுவது தெரியாது. குளிர் நாட்டிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகாத பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையில் முதல் ஆபத்து என்று சொல்வேன், முதலைக்கும் முன்னால். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர் வீட்டுத் தண்ணீர் கானில் கொண்டுபோங்கள், கூடவே நாலைந்து பக்கற் ஜீவனி. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வயலிலிருந்து வடிந்து வரும் மருந்து போகாது. ஆகவே அது பாத்திரம் கழுவக்கூட வேண்டாம். பிள்ளைகள் காலில் புண் இருந்தால் சேற்றில் மிதிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அது. திரும்பிப் போனபின் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், ஆற்றங்கரையில் தங்கியதை அங்குள்ள வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது உடனே நினைவுக்கு வராது.

அந்த நிழல் நேரத்தில் முடிச்சுப் போடப் பழக்கலாம், இரண்டு மரத்துக்கு நடுவில் படங்கு கட்ட வைக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சமையலில் ஒரு வேளையை முழுசாக ஒப்படையுங்கள். தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் போதும். மாவைப் பிசைந்து, வாழையிலையில் தட்டி, தாச்சியில் போட்டுக் கருகாமல் எடுப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். தணலில் புதைத்த மரவள்ளிக்கிழங்கை உரித்து இஞ்சிப் பிளேன்ரீயோடு சாப்பிட்டால் அங்கே மாஷ்மெலோ சுட்டது மறந்துபோகும். வரும் வழியில் ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்க மறக்காதீர்கள். நெருப்புக்கு, சருகு முழுதும் கூட்டி எடுத்த வெறுந்தரையில் சின்னக் குழி, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். காற்று எழும்பினால் நெருப்பே வேண்டாம், காய்ந்த புல் பிடித்தால் நாலு பேரால் அணைக்க முடியாது.

இன்னொரு மத்தியான விளையாட்டு: ஒரு நேரான தடியை நட்டு, பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். கற்களைச் சேர்த்தால் மேற்குக் கிழக்குக் கோடு கிடைக்கும். ஓகஸ்ட் கடைசி நாட்களில் போனால் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வரும், பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடத்தில் தடியின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். கனடாவில் எந்த நாளிலும் இது நடக்காது.

இரவு வானமும் அப்படித்தான். வடநட்சத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். டொரொன்டோவில் அது அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் நிற்கும், அங்கேதான் தேடுவார்கள். இங்கே கையை நீட்டி முட்டியைப் பொத்தி அடிவானத்தில் வைத்தால், அந்த முட்டிக்குள்ளேயே அது அடங்கிவிடும், கரை மரங்களுக்கு மேலே தெரிவதே சந்தேகம். அதற்குப் பதிலாகத் தெற்கே, எட்டு மணிக்கு, தேள் முழுசாக வாலோடு நிற்கும். அங்கே அந்த வால் அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தேளின் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை, அதற்கு முன்னால் அனுஷம், வால் முழுதும் மூலம். மேற்கே சுவாதியும் சித்திரையும், கிழக்கே திருவோணம். அப்பம்மாவிடம் பிள்ளைகளின் நட்சத்திரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சாதகத்தில் இருக்கிற பெயர் வானத்தில் ஒரு வெளிச்சமாக நிற்பதைப் பார்ப்பது அந்த வயதில் பெரிய விஷயம். நிலவில்லாத கிழமையாகத் தெரிந்தெடுங்கள். அப்புறம் ரோர்ச்சை அணைத்துப் பத்து நிமிடம் பேசாமல் இருந்து கேட்க வையுங்கள். ஆட்காட்டிக் குருவி இரவில் விடாமல் கத்தினால் அந்தப் பக்கம் ஏதோ நடமாடுகிறது, அப்போது எல்லோரும் வாகனத்தருகே வருவது நல்லது.

பாம்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: வெறுந்தரையில் படுக்க வேண்டாம். எண்ணெய் விரியன் இரவில் இரை தேடிவந்து, தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. நடு இரவில் பிள்ளை வயிற்று வலி என்று எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் சோர்ந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிப் முழுதும் மூடும் கூடாரமோ, விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிய நுளம்பு வலையோ இதற்கு நல்ல காப்பு. அந்தியில் தடத்தில் சுருண்டு கிடப்பது புடையன், அதற்குச் சப்பாத்தும் ரோர்ச்சும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் வாகனத்திலேயே புறப்படுங்கள். ஆகவே தொலைபேசிக்கு சிக்னல் இருக்கிறதா என்று பகலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. கூடாரத்தைச் சுற்றி உள்ளித் தண்ணீரோ மண்ணெண்ணெயோ தெளித்தால் பாம்பு வராது என்பார்கள், அதை நம்பி வலையை விட்டுவிடக் கூடாது. நெருப்பு எரிந்தால் யானை வராது என்பதும் அப்படித்தான். சில யானை விலகும், வெளிச்சத்துக்கும் வெடிக்கும் பழகிப்போன யானை விலகாது. ஆகவே யானை வெடி கொளுத்தும் வேலையைக் காணிக்காரரிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் செய்ய வேண்டியது எல்லோரையும் வாகனத்தில் ஏற்றுவது மட்டும்.

எந்த ஊர்க் கரை என்று முடிவு செய்துவிட்டால் பெயரையும் திகதியையும் இங்கேயே எழுதுங்கள். அந்தப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று அங்குள்ள வயல்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். போவதற்கு முதல் கிழமை ஒரு பகல் மட்டும் பெரியவர்கள் போய்ப் பார்த்து வாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, யானைத் தடம் எங்கே இறங்குகிறது, வாகனம் எது வரை போகும் என்ற மூன்றையும் பார்த்து வந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.